வாசலுக்கு வெளியே

கல்வி அறிவைத் தருகிறது; அறிவு ஒழுக்கத்தைத் தருகிறதா? குப்பையைக் கண்ட இடத்தில் எறியலாகாது என்பதை அறியாதவர் இன்று எவருமிலர். ஆயினும், கடற்கரையில் அலைகளை ரசித்தவர் விட்டுச்செல்லும் காகிதத் தட்டும், ஏரிக்கரையில் உலவியவர் எறிந்த நெகிழிப் பையும் கற்றவர் கைகளிலிருந்தே பெரும்பாலும் விழுகின்றன. குறை அறிவில் இல்லை. ‘என்னுடையது’ என்னும் உணர்வு வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில் உள்ளது.

பெங்களூருவில் 2010-ஆம் ஆண்டு ‘தி அக்லி இந்தியன்’ என்ற பெயரில் சிலர் ஒன்றுகூடினர். தங்கள் பெயரையும் முகத்தையும் அவர்கள் வெளிப்படுத்தவில்லை. உபதேசம் செய்யாமல், குப்பை குவிந்த தெருமூலைகளைத் தாமே துப்புரவு செய்து, சுவர்களுக்கு வண்ணம் பூசி, பூந்தொட்டிகளை வைத்தனர். அவ்வாறு சீரான பல இடங்களில், முன்பு குப்பை எறிந்த அதே மக்கள் எறியத் தயங்கினர். அழுக்கடைந்த இடம் ‘எனக்கு உரியவர் எவருமில்லை’ என்கிறது. பேணப்பட்ட இடமோ ‘என்மீது ஒருவர் அன்பு வைத்திருக்கிறார்’ என்று மௌனமாக உணர்த்துகிறது. புகழை நாடாத செயல், சொல்லைவிட ஆழமாகப் போதித்தது.

எனினும் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தூய்மையான இடத்தைக் கண்டு தயங்குவது அந்த இடத்தின் பெருமையா, மனிதனின் பண்பா? மேலும், தெருவிலிருந்து அகற்றிய குப்பை எங்கே சென்றது? நகரத்தின் கழிவுகளை மாவள்ளிபுரா, மண்டூர் ஆகிய கிராமங்கள் ஆண்டுக்கணக்கில் சுமந்தன. அங்குள்ள மக்களின் எதிர்ப்பால் 2012-இல் மாவள்ளிபுராவிலும், 2014-இன் இறுதியில் மண்டூரிலும் குப்பை கொட்டுவது நின்றது. கண்ணுக்கு மறைவாக அனுப்பப்பட்ட அழுக்கு, பிறரது வாசலில் கிடந்தது என்பதே உண்மை.

2012 அக்டோபரில் பெங்களூரு மாநகராட்சி, குப்பையை வீட்டிலேயே தரம் பிரிப்பதைக் கட்டாயமாக்கியது. ஈரக் கழிவையும் உலர் கழிவையும் தனித்தனியே வைப்பது மிக எளிய செயல். ஆனால் சமையலறையில் பூந்தொட்டி இல்லை, பார்ப்பவரும் இல்லை. பழத்தோலையும் பால் உறையையும் ஒரே கூடையில் இடும் கை, காணாத ஒருவரின் கிணற்றையும் காற்றையும் அக்கணத்தில் நினைக்கிறதா என்பதே பண்பின் உரைகல்.

ஆகவே, சுற்றுச்சூழல் கல்வியின் முதற்படி, இடத்தைத் தூய்மையாக்கிக் கையைப் பழக்குவது. அதன் நிறைவு, வாசலுக்கு வெளியே வாழ்பவரையும் தன்னவராகக் காணும்படி உள்ளத்தை விரிப்பது. பாடநூலில் இதைத் தேடும் குழந்தை, முதலில் பெற்றோரின் கைகளையே பார்க்கிறது.