கணக்குக் கேட்பவளின் நாடு

2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டின் கடைசி மணி நேரத்தில் ஒரு சொல்லுக்காகச் சண்டை நடந்தது. நிலக்கரியைப் 'படிப்படியாக ஒழிப்பது' என்றிருந்ததைப் 'படிப்படியாகக் குறைப்பது' என்று மாற்ற வேண்டும் என இந்தியா முன்மொழிந்தது. மாற்றினார்கள். மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா அவையில் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். இந்தியா பூமியைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்றன வெளிநாட்டுப் பத்திரிகைகள் சில. இந்தியா தலைநிமிர்ந்து நின்றது என்றார்கள் இங்கே பலர்.

அந்தச் சொல்மாற்றம் சரியா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதற்குப் பின்னாலிருந்த வாதத்தில் தயக்கமில்லை. இருநூறு ஆண்டுகளாக நிலக்கரியை எரித்துப் பணக்காரர்களானவர்கள், இன்னும் விறகடுப்பு அணையாத நாட்டிடம் வந்து சமமாகச் சுமக்கச் சொல்வது நியாயமில்லை. ஓர் இந்தியரின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு என்றால், ஓர் அமெரிக்கரின் கணக்கில் அதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. 1991லேயே அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதைக் கேட்டார்கள்: நெல்வயலில் இருந்தும் மாட்டுத் தொழுவத்தில் இருந்தும் எழும் வாயுவையும் சொகுசுக் கார் கக்கும் புகையையும் ஒரே தராசில் வைக்கலாமா? பிழைப்புக்கான உமிழ்வு வேறு, ஆடம்பரத்துக்கான உமிழ்வு வேறு. 1992இல் ரியோ மாநாடு 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு' என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியா அன்றிலிருந்து உலக அரங்கில் சொல்லிவருவது சுருக்கமாக இதுதான்: பலனை நீங்கள் அனுபவித்தீர்கள், விலையை எங்களிடம் கேட்காதீர்கள், கேட்பதாக இருந்தால் முதலில் எங்களோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

நல்ல வாதம். இதே வாதத்தை நாட்டுக்குள்ளே ஒரு பெண் சொன்னால் என்ன ஆகிறது என்பதே என் கேள்வி.

இடிந்தகரைப் பெண்கள் சொன்னார்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான ஒப்பந்தம் 1988இல் ராஜீவ் காந்திக்கும் கோர்பச்சேவுக்கும் இடையே கையெழுத்தானது. தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் எழுந்துகொண்டிருந்தபோது, 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் சுனாமிக்குப் பின் அணு உலைகள் உருகின. ஆழிப்பேரலையை 2004இல் நேரில் பார்த்த கடற்கரை இது. அந்த ஆண்டு இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன் போட்ட பந்தலில் மீனவப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பீடி சுற்றும் பெண்கள் பந்தலிலேயே சுற்றிக்கொண்டே உட்கார்ந்தார்கள். மின்சாரம் எங்கெங்கோ போகும், ஆபத்து எங்கள் கரையில் இருக்கும், எங்களை யார் கேட்டார்கள் என்பது அவர்கள் கேள்வி. கிளாஸ்கோவில் இந்தியா கேட்டதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பதில் வேறு விதமாக வந்தது. 2012 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் 'சயின்ஸ்' இதழுக்கு அளித்த பேட்டியில், இந்த எதிர்ப்புக்குப் பின்னால் அமெரிக்காவைச் சார்ந்த தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கூடியவர்கள் மீது தடியடியும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தன. அதே நாளில் மணப்பாட்டில் ஒரு மீனவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் மீது தேசத்துரோக வழக்குப் பதிவானது. பெண்கள் சிறைக்குப் போனார்கள். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்கலாம் என்று தீர்ப்பளித்தபோது, போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப்பெற முயலுமாறும் சொன்னது.

வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி எழுந்து, "கரண்ட் வேண்டாமாம்மா?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை பார்த்தவர். 2012இல் தமிழ்நாட்டில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த ஊர்கள் உண்டு. மில்லில் ஷிப்ட் குறைந்தது, கூலி குறைந்தது, வீட்டில் அரிசி குறைந்தது. அந்தப் பெண்ணுக்குக் கூடங்குளம் ஒரு நம்பிக்கை. அவரும் பெண்தான், அவரும் ஏழைதான். பெண்கள் எல்லோரும் இயற்கையின் பக்கம் நிற்பார்கள் என்ற வசதியான சூத்திரம் அங்கே உடைந்துபோனது. அது உடைந்தது நல்லதுதான். இடிந்தகரைப் பெண்ணுக்கும் வேடசந்தூர்ப் பெண்ணுக்கும் இடையே இருந்தது உண்மையான கருத்து வேறுபாடு. இரண்டு பேரையும் ஒரு பாயில் உட்காரவைத்திருந்தால் அவர்கள் பேசியிருப்பார்கள். மாற்று வழி என்ன, ஆபத்து எவ்வளவு, யாருக்கு என்ன ஈடு, ஏன் வெட்டு எங்கள் ஆலைக்கு மட்டும் என்றெல்லாம் பேச்சு நீண்டிருக்கும். ஒருத்தி தோற்றிருக்கவும் கூடும். ஜனநாயகத்தில் தோற்பது அவமானமில்லை.

நடந்தது அதுவல்ல. 'யாருடைய செலவில்?' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 'உனக்கு நாட்டின் மேல் பற்று இருக்கிறதா?' என்ற கேள்வியை அந்த இடத்தில் வைத்தார்கள். முதல் கேள்விக்கு விவரம் வேண்டும். இரண்டாவதற்கு எந்த விவரமும் வேண்டாம். கேட்டவளே குற்றவாளி ஆகிவிடுவாள்.

இந்த மாற்றத்துக்கு உதவிய சட்டத்தின் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவு 1870இல் வெள்ளையர் சேர்த்தது. அதில் குற்றமாகச் சொல்லப்பட்டது அரசின் மீது 'அன்பின்மை'யைத் தூண்டுவது. அன்பில்லாமை ஒரு குற்றம்! கூடங்குளத்துக்கு வடகிழக்கே, அதே கடற்கரையில், தூத்துக்குடியில் கப்பல் ஓட்டிய வ.உ.சி. 1908இல் தண்டிக்கப்பட்டது இந்தப் பிரிவில்தான். 1922இல் இதே பிரிவில் நீதிமன்றத்தில் நின்ற காந்தி, அன்பைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது என்றார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. ஆனால் நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிப்பது பற்றிய 152ஆம் பிரிவு இருக்கிறது. சொல் மாறினாலும் அன்பைக் கட்டளையிடும் மனம் மாறிவிட்டதா என்ற ஐயம் தீரவில்லை.

கட்டளையிடப்பட்ட அன்பு எப்படி இருக்கும் என்று பெண்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நகை எங்கே போனது என்று கேட்ட மருமகளுக்கு 'இந்தக் குடும்பத்தின் மேல் ஒட்டுதல் இல்லை' என்ற பட்டம் கிடைக்கிறது. அப்பாவின் சொத்தில் பங்கு கேட்ட மகள் 'பாசமில்லாதவள்'. வீட்டுச் செலவுக்குக் கணக்குக் கேட்டால் அது சந்தேகப் புத்தி. குடும்பம் என்ற நிறுவனம் நம்மிடம் உழைப்பை வாங்கும்போது அன்பின் பெயரில் வாங்குகிறது; நாம் கணக்குக் கேட்கும்போது அன்பின் பெயரில் வாயடைக்கிறது. நாட்டைத் தாயாக வரைந்து, குடிமக்களைப் பிள்ளைகளாக்கி, அரசை அப்பா இடத்தில் உட்காரவைத்தபோது, இந்த இலக்கணமும் கூடவே குடியேறிவிட்டது. தாய்நாடு என்று சொல்கிறோம். வயல், வீட்டு மனை, பட்டா எல்லாம் அப்பா பெயரில். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் பெண்கள் பெயரில் உள்ள சாகுபடி நிலவுடைமைகள் சுமார் 14 விழுக்காடு மட்டுமே.

பெண்ணின் மீது இந்தப் பட்டம் விழுவது கூடங்குளத்தோடு நிற்கவில்லை. 2015 ஜனவரியில் கிரீன்பீஸ் அமைப்பின் பிரியா பிள்ளையை லண்டன் விமானத்தில் ஏறவிடாமல் டெல்லியில் தடுத்தார்கள். மத்தியப் பிரதேசத்தின் மஹான் காட்டில் வரவிருந்த நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றிப் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் பேசப் போனதுதான் காரணம். மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. 2021 பிப்ரவரியில் பெங்களூரின் இளம் காலநிலைச் செயற்பாட்டாளர் திஷா ரவி, விவசாயிகள் போராட்டத்தை ஆதரித்த ஓர் இணைய ஆவணத்துக்காக தேசத்துரோக வழக்கில் கைதானார். பத்து நாளில் பிணை கிடைத்தது. அந்தப் பத்து நாளில் தொலைக்காட்சிகள் அவருடைய தேசப்பற்றை அளந்து முடித்துவிட்டன.

இதுவரை சொன்னது நிலக்கரி, அணு. இனி நமக்குப் பிடித்த பக்கத்துக்கு வருவோம். காற்றாலையும் சூரிய மின்சாரமும் வேண்டும் என்பவள் நான். கர்நாடகத்தின் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் சூரியப் பூங்கா இருக்கிறது. நிலத்தைப் பிடுங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். வறட்சி பூமியின் நிலக்காரர்களுக்கு அது நல்ல பணம். அந்த நிலத்தில் களை எடுத்தவளுக்கும் கடலை பறித்தவளுக்கும் அதில் ஒரு பைசா வராது, ஏனென்றால் அவள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. பசுமைத் திட்டம் ஒரு குறிப்பேட்டில் நிலத்தைப் பார்க்கிறது. அந்த நிலத்தின் மேல் குனிந்திருந்த முதுகைப் பார்ப்பதில்லை.

ஆயக்குடியில் இருந்து யோசித்தால் இது தூரத்துச் செய்தியாகத் தெரிவதில்லை. இது கொய்யா ஊர். தோப்பும் சந்தையும் ஆண்கள் பெயரில் பேசப்பட்டாலும், பறிப்பதிலும் தரம் பிரிப்பதிலும் பெண்களின் கை இருக்கிறது. மழை பொய்த்தால் முதலில் நிற்பது அந்தக் கைக்கான கூலி. ஆயக்குடி பேரூராட்சி என்பதால் நூறு நாள் வேலை இங்கே பொருந்தியதில்லை; கிராம சபையும் கிடையாது. எரிவாயுவுக்கு மாறியவர்கள், 2022இல் சிலிண்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோது என்ன செய்வது? மலையடிவாரத்து ஊரில் சுள்ளி கிடைக்கும், மூச்சுதான் முட்டும். காலநிலை மாற்றத்தின் விலையையும் அவள் கட்டுகிறாள், காலநிலைக் கொள்கையின் விலையையும் அவளே கட்டுகிறாள். இரண்டுக்கும் ரசீது கிடையாது.

எதிர்வாதம் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொருத்தியும் கணக்குக் கேட்டால் எந்தத் திட்டம் நடக்கும், வெப்பம் காத்திருக்குமா என்று கேட்பவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. இன்னொரு அபாயமும் உண்டு: எதையும் மாற்ற விரும்பாதவர்கள் ஏழைப் பெண்ணை முன்னால் நிறுத்தி 'அவளுக்குச் செலவு' என்பார்கள். 2007இல் கிரீன்பீஸ் இந்தியா வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே, ஏழைகளின் பின்னால் ஒளிந்துகொள்வது என்ற பொருளுடையது. நாட்டின் சராசரி குறைவாக இருப்பதே நம்மூர்ப் பணக்காரர்களுக்கு மறைவிடம் என்றது. ஆகவே நான் ஒரு சின்ன சோதனையை வைத்துக்கொள்கிறேன். அவள் பெயரைச் சொல்கிறார்கள் சரி, அவள் அந்த அறையில் இருக்கிறாளா? இருந்தால் அது கணக்கு. இல்லாவிட்டால் அது மறைவிடம். தாமதத்தைப் பொறுத்தவரை, முன்பே கேட்காமல் போனதால்தான் பின்னால் பந்தல் போட நேர்கிறது. கேட்டுச் செய்வது மெதுவானது. கேட்காமல் செய்வது வேகமானதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

தமிழ் படித்தவள் என்பதால் இந்த இடத்தில் எனக்கு எங்கள் மலையின் பழைய தலைவன் நினைவுக்கு வருகிறான். சங்க காலத்தில் பொதினி என்று பெயர் பெற்ற பழனிமலைப் பகுதியை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன், மயிலுக்குப் போர்வை கொடுத்து வள்ளல்களில் ஒருவனாக ஆனவன். இயற்கை மீது இரக்கம் என்றால் அவனைத்தான் சொல்ல வேண்டும். அவன் மனைவி கண்ணகியை விட்டுப் பிரிந்து வேறொருத்தியிடம் போய்க்கொண்டிருந்தான். புறநானூற்றின் 143 முதல் 147 வரையிலான ஐந்து பாடல்களில் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வர் அவளுக்காகப் பேசுகிறார்கள். பரணர் ஒரு பாடலில், பசித்தோ சுற்றத்தைத் தாங்க முடியாமலோ வரவில்லை என்கிறார். தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதையே பரிசிலாகக் கேட்கிறார். இன்னொரு பாடலில், அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்து, எங்கள் அன்புக்குரிய அவனுக்கு நீ உறவா என்று கேட்கிறார்கள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தான் அவனுக்கு உறவில்லை என்கிறாள் அவள்.

ஒட்டுதல் இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள். இன்றைய இலக்கணப்படி அது அன்பின்மை, குற்றம். அந்தப் புலவர்கள் அதைக் குற்றமாகக் கேட்கவில்லை. அரசனின் மீதான குற்றச்சாட்டாகக் கேட்டார்கள். அவன் புகழைச் சொல்லிக்கொண்டே, மயில் குளிருமென்று போர்த்தியவனே, உன் வாசலில் நடுங்குபவளைப் பார் என்ற பொருள்பட அவன் முகத்துக்கு நேரே பாடினார்கள். அவர்களை யாரும் பகைவரின் ஒற்றர் என்று சொன்னதாகப் பாடல்களில் இல்லை. ஆண் புலவர்கள்தான் பேச வேண்டியிருந்தது என்பது அந்தக் காலத்தின் குறை. இன்று அவளே பேசுகிறாள் என்பது நம் காலத்தின் பேறு. பேறு கிடைத்த காலத்தில் அவள் வாயை மூட ஒரு சட்டப் பிரிவைத் தேடுகிறோம்.

நாட்டை நேசிப்பதைப் பற்றி என்னிடம் விளக்கம் கேட்கும் மாணவிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். யாரோடு நமக்கு எந்த உறவும் இல்லையோ அவரிடம் நாம் கணக்குக் கேட்பதில்லை, எழுந்து போய்விடுவோம். இடிந்தகரைப் பந்தலில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போகவில்லை. கடலில் இறங்கி நின்றார்கள், சிறைக்குப் போனார்கள், நீதிமன்றப் படியேறினார்கள். அரசு இன்னும் தங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று நம்பியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது. அடுத்த முறை ஓர் அதிகாரி சூரியப் பலகைக்கோ அணு உலைக்கோ காற்றாலைக்கோ வரைபடத்தை விரிக்கும்போது, பத்திரத்தில் பெயரில்லாத ஒருத்தி எழுந்து 'இது யார் செலவில்?' என்று கேட்டால், அவளுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். கிளாஸ்கோவில் இந்தியா கேட்டு வாங்கிய மரியாதை அதுதான்.