வழியில் நின்ற வண்டியும் பொறுமையும்



பொறுமையைப் போற்றாத அறநூல் இல்லை. ஆயினும், "பொறுத்துக்கொள்" என்னும் சொல்லைக் கேட்டதும் நம் மக்களுள் பலர் முகஞ்சுளிக்கின்றனர். அதற்குக் காரணம் உண்டு. நம்மைத் தலைமுறை தலைமுறையாகக் கிணற்றடிக்கு அப்பால் ஒதுக்கி நிறுத்தியவர்களும் அதே சொல்லைத்தான் நமக்கு உபதேசித்தார்கள். ஆகவே, பௌத்தன் கைக்கொள்ள வேண்டிய பொறுமை எது, விட்டொழிக்க வேண்டிய பணிவு எது என்பதை ஈண்டு ஆராய்வோம். இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியது வழியில் பழுதுபட்டு நின்ற ஒரு வண்டியே.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாசிக் நகருக்கு அருகிலுள்ள திரிரஷ்மிக் குகைகளைக் காணக் காட்கோபரிலிருந்து பதின்மூவர் வாடகை வேன் ஒன்றில் புறப்பட்டோம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. எல்லோரும் வந்து சேர ஏழாயிற்று. ஓட்டுநர் எஞ்சினை ஒருமுறை பார்த்துவிடுவதாகச் சொன்னார். "நேரமாகிவிட்டது, எடுங்கள்" என்று அவரை விரைவுபடுத்தியவர் நாமே. தாணேயும் ஷாஹாபூரும் கடந்து, கசாரா மலைப்பாதையில் பாதி ஏற்றம் ஏறியபோது வண்டியின் முன்புறத்தில் ஆவி எழுந்தது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, சக்கரங்களுக்குப் பின்னே கல் வைத்து, எல்லோரையும் சாலையை விட்டு விலகி நிற்கச் சொன்னார். பார்த்தால், எஞ்சினிலுள்ள பெல்ட் அறுந்திருந்தது. அந்தப் பெல்ட் சுழன்றால்தான் நீரை ஓட்டும் பம்பு சுழலும். பம்பு சுழன்றால்தான் எஞ்சின் குளிரும்.

நம்முடன் வந்த இளைஞர் ஒருவர், "ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்று, போகலாம்" என்று அதட்டினார். ஓட்டுநர் மறுத்தார். அவர் மறுத்தது நியாயமே. சூடேறிய ரேடியேட்டரினுள் நீர் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். எஞ்சின் தானே ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். புதிய பெல்ட் வர மூன்று மணி நேரமாகும் என்றும் அவர் சொன்னார். "கூலிக்கு வண்டியோட்டுகிறவன் நமக்குப் புத்தி சொல்வதா!" என்று இளைஞர் சீறினார். நாம் அவரை அமைதிப்படுத்த முயன்றோம். அப்போது அவர் கேட்டார்: "ஐயா, பொறு, பொறு என்று சொல்லித்தானே நம் முன்னோரைத் தெருவில் நிறுத்தினார்கள்? தாங்களுமா அதைச் சொல்கிறீர்கள்?"

அக்கேள்வி நம் நெஞ்சில் தைத்தது.

நாம் ஆலையில் தறியோட்டிய நாட்களில் கற்ற பாடம் ஒன்றுண்டு. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடி, முடிச்சிட வேண்டும். இழையைத் திட்டுகிறவனும் துணியைக் கெடுப்பான். கண்டும் காணாதவன்போல் தறியை ஓட்டுகிறவனும் துணியைக் கெடுப்பான். அறுந்த இடத்தைக் காண்கிறவனே நெசவாளி. பகவன் புத்தர் அருளிய காரண காரிய நெறியும் இதனையே கூறுகின்றது. ஒன்று இருப்பதால் மற்றொன்று தோன்றுகிறது. காரணத்தை நீக்கினால் காரியம் நீங்குகிறது. பொறுமையாவது வாய்மூடி நிற்றல் அன்று. காரணத்தைக் காணும் அளவுக்கு மனத்தைத் தெளிவாக வைத்திருத்தலே பொறுமை.

இனி, வேறொரு தாமதத்தைப் பார்ப்போம். 1929-இல் டாக்டர் அம்பேத்கர் பம்பாய் அரசாங்கத்தின் விசாரணைக் குழு உறுப்பினராகக் கான்தேசத்திற்குச் சென்றிருந்தார். சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் நம் மக்கள் அவரை மாலையிட்டு வரவேற்றனர். அவர்களுடைய குடியிருப்பு இரண்டு மைல் தொலைவில் இருந்தது. நிலையத்தில் குதிரை வண்டிகள் பல நின்றன. எனினும் அவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் காக்க வைக்கப்பட்டார். ஏனெனில், தீண்டத்தகாதவர் ஒருவரை ஏற்றிச் செல்ல எந்த வண்டிக்காரனும் இசையவில்லை. முடிவில் வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத நம்மவர் ஒருவர் ஓட்டினார். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் கல்லில் மோதிற்று. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அம்பேத்கர் கற்பாவிய தளத்தில் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தார். தம்முடைய கௌரவத்தைக் காக்க எண்ணியவர்கள் தம் உயிரையே ஆபத்தில் வைத்துவிட்டனர் என்று அவரே பின்னர் எழுதினார்.

அன்று நம் மக்களைச் செலுத்தியது அன்பு; அதில் ஐயமில்லை. ஆயினும், தாமதத்தின் காரணத்தை விருந்தினரிடம் சொல்ல நாணி மறைத்தனர். சொல்லியிருந்தால் அவர் நடந்தே சென்றிருக்கக்கூடும். அண்ணலோ அவ்வநீதியை மறைக்கவில்லை. சினத்தில் பிதற்றவும் இல்லை. நடந்ததை நடந்தவாறே எழுதி, இழிவின் காரணத்தை உலகறியச் செய்தார். அதுவும் பொறுமையே, ஆனால் அடங்கிப் போதல் அன்று.

ஆகவே, நம்மை நிறுத்தி வைப்பது எது என்று முதலில் கேட்க வேண்டும். அறுந்த பெல்ட் ஆயின், காத்திருந்து சரிசெய்க. மனிதனின் அவமதிப்பு ஆயின், அதனை ஏற்றுக்கொள்ளற்க. பெயர் சொல்லி எதிர்க்க. இரண்டிடத்தும் வெகுளி உதவாது. முதல் அம்பு தைத்த புண்ணிலேயே இரண்டாம் அம்பையும் எய்துகொள்ளுதல் அறியாமை என்பது பகவன் வாக்கின் கருத்து.

இவற்றை அவ்விளைஞரிடம் கூறியபின் மேலும் ஒன்று கேட்டோம்: "தம்பி, சாலிஸ்காவ் வண்டிக்காரன் தன் முன் நின்ற மனிதனைக் காணவில்லை, சாதியைக் கண்டான். நாமும் இந்த ஓட்டுநரிடத்தில் மனிதனைக் காணாமல் கூலியைக் கண்டால், நமக்கும் அவனுக்கும் வேற்றுமை யாது?"

அவர் தலைகுனிந்தார். நாமும் தலைகுனிய வேண்டியிருந்தது. எஞ்சினைப் பார்க்கவிடாமல் அவசரப்படுத்தியவர் நாமன்றோ? ஓட்டுநரிடம் சென்று, "பிழை எம்முடையது" என்று கூறினோம். அவர் சிரித்துவிட்டு, நிழலில் உட்காருமாறு கைகாட்டினார். இளைஞர் தம் தண்ணீர்ப் புட்டியை அவரிடம் நீட்டினார்.

பிற்பகலில் பெல்ட் வந்தது. மீண்டும் புறப்படுமுன், ஓட்டுநர் எஞ்சின் முழுவதையும் ஒருமுறை பார்த்தார். இம்முறை யாரும் அவரை விரைவுபடுத்தவில்லை.

நமோ புத்தாய.