மொட்டைக்கடுதாசி

அலுவலகங்களில் மொட்டைக்கடுதாசி என்றால் ஓர் இகழ்ச்சி உண்டு. நேர்மையிருந்தால் கையெழுத்துப் போட வேண்டியதுதானே என்பார்கள். தைரியத்தை எழுதுகிறவனிடம் மட்டும் கேட்கும் இந்தத் தர்மத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

சத்யேந்திர துபே தாம் யார் என்பதைத் தெரிவித்தே எழுதியவர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளர். தங்க நாற்கரச் சாலைப் பணியில் கண்ட முறைகேடுகளை 2002 நவம்பரில் பிரதமருக்கு எழுதினார். தம் பெயரை ரகசியமாக வைக்கும்படியும் கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகப் போயிற்று. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையர் செய்த கொலை என்று 2010இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அப்படியே இருக்கட்டும். கொலைக்கு ஓராண்டு முன்பே ஒரு துரோகம் நடந்து முடிந்திருந்தது. அதற்குத் துப்பாக்கி வேண்டியிருக்கவில்லை. 'தக்க நடவடிக்கைக்காக' என்று குறிப்பெழுதி அனுப்பிவைக்கும் கைகளே போதுமாயிருந்தன.

பிறகு 2004இல் அரசுத் தீர்மானமும் 2014இல் சட்டமும் வந்தன. பெயரைக் காக்க வேண்டும் என்றன. பெயரில்லாப் புகாரை ஏற்க முடியாது என்றும் சொல்லின.

வங்கித் தொழிலில் நல்ல ஏற்பாடொன்று உண்டு. ஒருவர் பதிந்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். தப்பைக் காட்டுவது அவர் வேலை. அதில் அவமானம் யாருக்கும் இல்லை. கணக்கு பத்து ரூபாய் உதைத்தால் எங்கே உதைக்கிறது என்றுதான் தேடுகிறோம். மேலதிகாரியின் முடிவு உதைக்கும்போது மட்டும் கேள்வி மாறிவிடுகிறது: யார் சொன்னது?

எங்கள் ஊர்க் கோயில் கதையில் சங்கன், பதுமன் என்ற இரு நாகர்கள், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்ற சண்டையை அம்பாளிடம் கொண்டுபோகிறார்கள். அவள் அதை வேறு யாருக்கும் தள்ளிவிடவில்லை. பிறர் கேள்வியைத் தன்னுடையதாக்கிக்கொண்டு தவம் நின்றாள். சங்கரநாராயணக் கோலம் அந்தத் தவத்துக்குக் கிடைத்த பதில். ஆடித்தபசு என்று ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். பக்தியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், கேட்டவர்களைவிடக் கேட்டுக்கொண்டவளே அதிகம் பாரம் சுமந்தாள் என்பது தெரிகிறது.

புகாரைக் கையாள்வது என்று நான் கருதுவது இதைத்தான். அதை வாங்குகிறவர் தம் பெயரில் எழுதிக்கொள்ள வேண்டும். விசாரித்து, முடிவு இன்னது, காரணம் இன்னது என்று தாமே கையெழுத்திட வேண்டும். அப்படியொரு கையெழுத்து மேலே விழாதவரை, கீழே இருப்பவனிடம் கையெழுத்துக் கேட்பது தர்மமாகாது. மொட்டைக்கடுதாசியில் கோழைத்தனம் இருக்கலாம். அது எழுதியவனுடையது மட்டுமல்ல.