சைக்கிளை விட்டு இறங்குதல்

கிள்ளான் தோட்டங்களில் 1941-ல் நடந்த வேலைநிறுத்தம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு சைக்கிள். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் கேட்டவர்கள் கூடவே இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். முன்னின்ற ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

நான் கிள்ளானில் கொமுட்டர் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கும் மென்பொருள்காரன். இந்த வேலையைக் குறை சொன்னால் நன்றி கெட்டவன் ஆவேன். தாத்தா காலத்தில் தோட்டத்து வேலை போனால் லயத்து வீடும் போகும். எனக்கு அந்தப் பயம் இல்லை. மேலதிகாரியைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் நாளில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். யார் வீட்டுப் பிள்ளை என்று எவரும் கேட்டதில்லை.

ஆனால் பால் நிறுத்து முடிந்தால் தாத்தாவின் நாளும் முடிந்துவிடும். என் நாள் எப்போது முடிகிறது? வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது சட்டம், 2023 ஜனவரியிலிருந்து. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டிவிட்டால், கூடுதல் நேரத்துக்குக் காசு கேட்கும் உரிமையை அதே சட்டம் தருவதில்லை. சம்பளம் ஏறியதும் நேரத்துக்குக் கணக்கு இல்லாமல் போகிறது.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடுவே போன் அதிர்ந்தது. கையைக் கழுவிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது கூட்டாளி சொன்னான்: "பிடிக்கலன்னா விட்டுட்டுப் போயேன்லா. யாரு ஒன்னயப் பிடிச்சு வெச்சிருக்கா?" நியாயம்தான். யாரும் பிடித்து வைக்கவில்லை, 35 வருட வீட்டுக் கடனைத் தவிர. லயம் போய்விட்டது. வீட்டுக்காக வேலையை விட முடியாத நிலை மட்டும் போகவில்லை.

இதுவரை நான் என்னைச் சைக்கிள்காரனாகவே நினைத்து எழுதிவிட்டேன். போன மாதம் இரவு பதினொரு மணிக்கு, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அவசரம் ஒன்றும் இல்லை, மறந்துவிடுவேனோ என்றுதான். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: "ஓகே அண்ணா, இப்பவே பாக்குறேன்."

நான் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை. துரையும் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்.

இப்போதெல்லாம் இரவில் தோன்றுவதை எழுதி வைத்துக்கொண்டு காலை ஒன்பதுக்கு அனுப்புகிறேன். இதனால் கம்பெனி மாறிவிடாது. எனக்கு மேலே இருப்பவரிடம் "நாளைக்குப் பார்க்கிறேன்" என்று இன்னும் நான் சொன்னதில்லை. அதைச் சொல்லும் தைரியம் வரும்வரை, சம்பளம் நல்ல சம்பளம் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். வேலையும் நல்ல வேலைதான் என்று சொல்ல வாய் வரவில்லை.