சீலையும் அதிகாரமும்

அந்தமானில் சாத்தம் தீவின் மர ஆலை 1883ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது கைதிகளின் குடியேற்றம். அங்கே கட்டளையிடுவோர், கீழ்ப்படிவோர் என இரண்டே வகை மனிதர் இருந்தனர். ஊழியத்தில் தலைமை என்றால் என்ன என்ற கேள்விக்கு அத்தகைய ஆட்சியின் நிழலிலேயே ஒரு விடை உருவானது வியப்பிற்குரியது.

1890களில் வேதப்பன் சாலொமோன் என்ற தமிழ் உபதேசியார், தெற்கே வெகுதொலைவிலுள்ள கார் நிக்கோபார் தீவின் மூஸ் கிராமத்தில் பணியாற்றினார். அவர் வெறும் உபதேசியார் அல்லர். அரசின் முகவரும் அவரே. தீவில் நடப்பவற்றை நாட்குறிப்பில் எழுதி மேலிடத்திற்கு அனுப்புவது அவர் கடமை. அதிகாரமும் ஊழியமும் ஒரே கையில் சேர்வது ஆபத்தான காரியம். மக்கள் அஞ்சி வணங்குவதை அன்பென்று எண்ணிக்கொள்ள அதிக நாட்கள் ஆகா. ஆனால் அவர் அங்கே ஒரு பள்ளியை நடத்தினார். தீவின் பிள்ளைகளைக் கூட்டி எழுத்தறிவித்தார். அவர்களில் ஒரு சிறுவன் மேற்படிப்பிற்காகப் பர்மாவிலுள்ள மண்டலேவுக்கு அனுப்பப்பட்டான். அவனே ஜான் ரிச்சர்ட்சன்.

தாழ்மை என்றவுடன் கீழான வேலைகளைச் செய்வதே பலருக்கு நினைவில் வருகிறது. சீஷருடைய கால்களை ஆண்டவர் கழுவியதைப் பெரிய வியாழனன்று சபைகளில் நடித்துக் காட்டுவதும் உண்டு. (அன்று நீட்டப்படும் கால்கள் பெரும்பாலும் வீட்டிலேயே நன்றாகக் கழுவப்பட்டவை.) துடைப்பம் எடுப்பது கடினமன்று, பார்ப்பவர் இருந்தால் இனிமையாகவும் இருக்கும். தன்னிடம் கற்றவன் தன்னைவிட உயர்வதற்கு இடமளிப்பதுதான் கடினம். சீலையை அரையில் கட்டிக்கொள்ளும் தலைவர்கள் பலர், நாற்காலியை மாத்திரம் விடுவதில்லை. தமக்குப் பின் யார் என்ற கேள்வி எழுந்தாலே முகம் வாடிப்போகிறது.

ரிச்சர்ட்சன் 1912இல் தன் தீவுக்குத் திரும்பினார். அவர் பேராயராக அபிஷேகம் பெற்றது 1950இல். இடையில் 38 ஆண்டுகள்! பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதிலும், கால்பந்து கற்றுக்கொடுப்பதிலும், வேதாகமத்தை நிக்கோபாரி மொழியில் ஆக்குவதிலும் அவை கழிந்தன. 1952இல் நாடாளுமன்ற நியமன உறுப்பினரானார். 1965இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவையெல்லாம் அவரைத் தேடி வந்தவை.

1942இல் ஜப்பானியப் படை தீவுகளைக் கைப்பற்றியபோது உபதேசியார் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. உளவாளிகள் என்ற சந்தேகத்தால் நிக்கோபாரியர் பலர் சித்திரவதைக்குள்ளாகி மாண்டனர். ரிச்சர்ட்சனும் மரணத்தின் வாசல்வரை சென்று மீண்டார். வெளியுலகத்தின் உதவி நின்றுபோன அந்த மூன்றரை ஆண்டுகளில் சபையைத் தாங்கியவர்கள் அம்மண்ணில் பிறந்தவர்களே. போர் முடிந்தபின் தீவு மக்கள் திரளாகச் சபையில் சேர்ந்தனர். ஞானஸ்நானத்திற்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வேதப்பன் சாலொமோனைக் கண்ணால் கண்டதில்லை. பேராயரின் பெயரை அவர்கள் யாவரும் அறிந்திருந்தனர்.