ஒருமையும் ஒவ்வாமையும்: தென்னிந்தியத் திருச்சபை இணைப்பு எழுப்பும் ஓர் அறவினா

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தொடங்கப்பெற்றது. ஆங்கிலிக்கன் சபையின் தென்னிந்திய மறைமாவட்டங்களும், மெதடிஸ்டு சபையின் தென்னிந்தியப் பிரிவும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் 1908இல் கூடி அமைத்த தென்னிந்திய ஐக்கிய சபையும் அதில் ஒன்றாயின. ஆயர் ஆட்சியுடைய சபையும் அவ்வாட்சியை ஏற்காத சபைகளும் ஓரமைப்பாக இணைந்த அந்நிகழ்வு உலகக் கிறித்தவ வரலாற்றில் தனியிடம் பெறுகின்றது. இவ்விணைப்பிற்கு 28 ஆண்டுக் காலப் பேச்சு தேவைப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் பேச்சின் நடுவிடத்தில் நின்றது எது, ஓரத்தில் நின்றது எது என்பது இணைப்பின் வெற்றியை விடவும் ஆராயத்தக்கது.

தொடக்கம் தரங்கம்பாடியில் நிகழ்ந்தது. 1919 மே மாதம் அங்குக் கூடிய மாநாட்டினருள் பெரும்பாலோர் இந்தியர். தலைமையேற்றவர் தூர்ணக்கல் ஆயர் வே. ச. அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயராகத் திருநிலை பெற்றவர் அவர். 1910இல் எடின்பரோவில் நிகழ்ந்த உலக மறைப்பணி மாநாட்டில், அயல்நாட்டு மறைப்பணியாளர் கொடையும் உழைப்பும் தருகின்றனரேயன்றி நட்பைத் தருவதில்லை என்று வெளிப்படையாகக் குறை கூறியவரும் அவரே. தரங்கம்பாடி அறிக்கையின் வாதம் எளியது: இச்சபைப் பிரிவுகள் மேலைநாட்டு வரலாற்றில் தோன்றியவை, இந்தியர் தாமே உண்டாக்காதவை, எனவே இந்தியர் அவற்றைச் சுமந்து திரிய வேண்டியதில்லை.

வாதம் வலிமையுடையதே. ஆயினும் அதற்கொரு எல்லையுண்டு. இங்கிலாந்திலிருந்து வந்த பிரிவினையை அயலது எனத் தள்ளலாம். தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் ஆலயத்துக்குள்ளேயே விளைந்த பிரிவினையை எவ்வாறு தள்ளுவது? சாதி எந்தக் கப்பலிலும் வந்திறங்கியதன்று.

இணைப்புப் பேச்சில் மிகுதியான காலத்தைக் கொண்டது திருப்பணியாளரின் திருநிலைப்பாடு பற்றிய சிக்கலே. ஆயரின் கைவைப்புப் பெறாத போதகரை ஆங்கிலிக்கன் சபையார் எவ்வாறு ஏற்பது என்பதே வினா. விடையாக வகுக்கப்பெற்ற ஏற்பாடு நுட்பமானது. இணையும் சபைகளின் போதகர் அனைவரும் மறுதிருநிலைப்பாடின்றி அப்படியே ஏற்கப்பெறுவர். இனிமேல் வருவோர் ஆயராலேயே திருநிலை பெறுவர். முப்பதாண்டு இடைக்காலம் ஒன்று இருக்கும். எந்தச் சபை மக்கள் மீதும் அவர்தம் மனச்சான்றுக்கு ஒவ்வாத போதகர் திணிக்கப்படார். கருத்து வேற்றுமை தீரும்வரை காத்திராமல், அதனோடே கூடி வாழ முற்பட்ட ஏற்பாடு இது. இதனை அனைவரும் ஏற்றனர் எனல் இயலாது. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கருள் ஒரு சாரார் இணைய மறுத்துப் பல்லாண்டுகள் வெளியே நின்றனர். 1948இல் கூடிய லாம்பெத் மாநாட்டு ஆயர்களும் புதிய சபையின் திருநிலைப்பாடுகளைப் பற்றி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பின்னாளில் திருச்சபையுடன் இணைந்த அதே நந்தியால் மறைமாவட்டத்தில்தான் 2013இல் எ. புஷ்பலலிதா திருச்சபையின் முதல் பெண் ஆயராகப் பொறுப்பேற்றார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

மனச்சான்றுக்கு ஒவ்வாத போதகர் எனும் தொடரில்தான் அறவினா ஒளிந்துள்ளது. ஆயரின் கைவைப்பைப் பெறாதவர் என்று ஒருவரை மறுப்பதும், தாழ்த்தப்பட்ட குலத்தவர் என்று ஒருவரை மறுப்பதும் வெளித்தோற்றத்தில் ஒரே சொல்லைப் பயன்படுத்தக்கூடும். முன்னதில் மறுக்கப்படுவது ஓர் அதிகாரத்தின் ஊற்று. பின்னதில் மறுக்கப்படுவது ஆள். பொறுமையும் இடைக்காலமும் முன்னதற்குப் பொருந்தும். பின்னதற்கு அவை பொருந்துமா என்பது தமிழ்க் கிறித்தவத்தில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே வழக்காடப்பட்ட பொருள்.

கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன் 1833இல் சாதி வேற்றுமை சபைக்குள் உடனே ஒழிய வேண்டுமென ஆணையிட்டார். தஞ்சையில் எதிர்ப்பு எழுந்தது. சாதி ஒழுங்கைக் காக்க அதற்கு முன்பிருந்தே எழுதி வந்தவர், பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). (மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரை மயங்குவோர் இன்றும் உளர்.) சுவார்ட்சிடம் வளர்ந்து, சரபோசி மன்னரின் ஆதரவைப் பெற்ற இப்பெரும்புலவர், புதிதாக வந்த மறைப்பணியாளர் மீது அடுக்கிய குறைகளுள் சாதிகளை வலிந்து கலக்கின்றனர் என்பதும் ஒன்று. விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்துகின்றனர், விழாக்களில் மலர் சூடுவதைத் தடுக்கின்றனர், தமிழ் இசையை விலக்குகின்றனர் என்பன ஏனையவை. ஒரே மூச்சில் சொல்லப்பட்ட இக்குறைகளுள் மலரும் இசையும் பற்றியவை நியாயமானவை. அவர் பாடல்கள் ஆலயங்களில் இன்றும் ஒலிப்பதே அதற்குச் சான்று. சாதி பற்றியது அவ்வாறன்று. பண்பாட்டுரிமைக் குரலும் ஆதிக்கக் குரலும் ஒரே நாவில் பிறந்தன. மறுபுறம், நேரிய அறக்கட்டளை குடியேற்ற ஆட்சியின் அதிகாரத்தை உடுத்தி வந்தது. இச்சிக்கலைத் தவிர்த்து, ஆயரை முழுமையாகப் புகழ்வதும் புலவரை முழுமையாக இகழ்வதும் ஆய்வாகாது. ஆயினும் அந்தப் பூசலில் திருவிருந்தின் கிண்ணத்துக்காகப் பிறருக்குப் பின்னே காத்து நின்றவர்களின் எழுத்து நமக்குக் கிட்டவில்லை என்பதை மறத்தலாகாது. வழக்கு முழுவதும் அவர்களைப் பற்றியது, வழக்காடியவர் அவரல்லர்.

லைப்சிக் மிஷன் வேறொரு நிலையை மேற்கொண்டது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மன் மொழியில் 1856இல் வெளியிட்டவர். சாதி குமுகாய வழக்கமாதலின் அதனைச் சட்டத்தால் ஒழிக்க முற்படலாகாது, நற்செய்தியின் உள்வளர்ச்சியால் அது தானே தேயும் என்பது அவர் கருத்து. பிறப்பால் வேற்றுமையில்லை எனக் கூறும் நூலின் மொழிபெயர்ப்பாளர் இந்நிலைக்கு வந்தது வியப்பளிப்பதே. ஆங்கில மிஷனின் கண்டிப்பை விரும்பாத தஞ்சைக் குடும்பங்கள் பல லூத்தரன் சபைக்குப் பெயர்ந்தன. அதே மிஷனைச் சேர்ந்த ஓக்ஸ் இந்நெகிழ்வை ஏற்காது பிரிந்து, பின்னர் டேனிய மிஷனோடு இணைந்து பணியாற்றினார். ஆக, பொறுமை ஒருமையைக் காத்தது எனவும் கூற இயலாது. யாரோ ஒருவர் வெளியேறியே தீர வேண்டியிருந்தது. 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை இன்றும் தென்னிந்தியத் திருச்சபைக்கு வெளியிலேயே உள்ளது. அதற்குரிய காரணங்களுள் லூத்தரன் விசுவாச அறிக்கை பற்றிய கொள்கை வேறுபாடு முதன்மையானது. சாதியை மட்டும் காரணமாக்குதல் மிகையாகும்.

கத்தோலிக்க மரபிலும் நிலை பெரிதும் வேறன்று. வடக்கன்குளத்தில் இரு பிரிவினர் தனித்தனியே அமரும்படி இரு கிளைகளாக ஆலயம் எழுப்பப்பட்டது வரலாறு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான தன் கொள்கை ஆவணத்தை 2016இல்தான் வெளியிட்டது.

அசரியா இச்சிக்கலை அறியாதவரல்லர். தூர்ணக்கலில் அவர் மேய்த்த மக்களுள் பெரும்பாலோர் மாலா, மாதிகா வகுப்பினர். அவ்விரு வகுப்பினரும் ஒரே பந்தியில் அமர வேண்டுமென அவர் உழைத்தார். 1945 சனவரி முதல் நாள் அவர் மறைந்தபோது இணைப்பு இன்னும் கைகூடவில்லை. அவர் எடின்பரோவில் கேட்ட நட்பை வள்ளுவர் வகுத்த பொருளில் கொள்வது பொருந்தும். நண்பன் எல்லை மீறுமிடத்து இடித்துரைப்பதையும் அவர் நட்பின் பகுதியாகவே வைத்தார். இப்பொருளில் நோக்கின், திருநிலைப்பாடு பற்றிய வேற்றுமையோடு கூடி வாழ்வது நட்பிற்கு இயல்வதே. சாதி பற்றிய வேற்றுமையைப் பேசாது கூடி வாழ்வதைப் பொறுமை என்று அழைப்பதற்கு, அதனால் தாழ்வுறுவோரின் ஒப்புதல் முதலில் வேண்டும். அவ்வொப்புதலை 1833இலும் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1919 தொடங்கி நிகழ்ந்த பேச்சுகளிலும் அது தனியொரு நிபந்தனையாக வைக்கப்பெறவில்லை.