திறப்பு விழாவுக்குப் பின்

பசுமைக் கட்டடம் என்று பெயர் வாங்கிய பள்ளிக்குப் போனால் சுண்ணாம்புப் பூச்சையும் செங்கல் ஜாலியையும் மாடியிலுள்ள சோலார் பலகையையும் காட்டுவார்கள். நான் கேட்பது மழைநீர்த் தொட்டியின் மூடியைத்தான். ஐப்பசிக்கு முன் அதைத் திறந்தார்களா? உள்ளே மணலையும் ஜல்லியையும் அலசினார்களா? 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசர அவசரமாகக் குழாய்கள் ஏறின. இன்று அவற்றில் பல மண்ணடைத்துக் கிடக்கின்றன.

கட்டுவதற்கு ஒப்பந்தக்காரர் உண்டு, கல்வெட்டு உண்டு. கழுவுவதற்கு யார்? பசுமைக் கட்டடங்களுக்குத் தரப்படும் கிரிஹா தரச்சான்றுகூட ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். அந்த விதியை எழுதியவருக்குக் கட்டடங்களின் சுபாவம் தெரிந்திருக்கிறது. பலகையில் தூசி படிந்தால் மின்சாரம் குறையும். மண்பூச்சு மழையில் கரையும். இவற்றையாவது கண்ணால் பார்க்கலாம். எச்.எம். மாற்றலாகிப் போனால், எந்த வால்வை எப்போது திருப்புவது என்ற விவரமும் அவரோடு பஸ் ஏறிவிடுகிறது. அடுத்து வருபவர் ஜாலியை அடைத்து ஏ.சி. மாட்டுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

திருவண்ணாமலைக்கு இந்தப் பராமரிப்புக் கவலை புதிய சங்கதி அல்ல. கிருஷ்ணதேவராயர் தொடங்கி செவ்வப்ப நாயக்கர் முடித்த, அங்குள்ள கோயிலின் 217 அடி ராஜகோபுரம் அவர்கள் பெயரால் மட்டுமா நிற்கிறது? பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற கும்பாபிஷேகக் கணக்கு சற்றுத் தள்ளிப்போனாலும் (2002க்குப் பிறகு 2017) திருப்பணி நின்றுவிடவில்லை. விரிசலில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்கவும் சுதை பூசவும் ஒரு நாள் குறிக்க வேண்டும். பெரியவர்கள் அதைத் திருவிழாவாகவே ஆக்கிவிட்டார்கள். யார் நிர்வாகத்தில் இருந்தாலும் நாள் வந்துவிடும். ஒருவருடைய அக்கறையை நம்பிய பராமரிப்பு அவரோடு போய்விடும். ஊரின் பஞ்சாங்கத்தில் ஏறியது தப்பிக்கும்.

அந்த ஊர் மலையிலும் அப்படித்தான். அங்கே கன்று நடும் ஃபாரஸ்ட் வே அறக்கட்டளை, கோடைத் தீ பரவாமலிருக்கத் தடுப்புக் கோடுகளும் வெட்டுகிறது. மழைக்குப் புல் திரும்ப முளைத்துவிடும். மறுவருடம் மறுபடி வெட்டியாக வேண்டும். நடுவதைப் படம் எடுக்க ஆள் வருவார்கள், புல் வெட்டுவதற்கு வரமாட்டார்கள். இந்த அறக்கட்டளையோடு சேர்ந்ததுதான் கணத்தம்பூண்டியில் 2009இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளி. அதன் பிள்ளைகளும் மலையில் கன்று நடுகிறார்கள். நட்ட இடத்துக்கே ஆண்டுதோறும் திரும்பும் பிள்ளைக்குப் பராமரிப்பு பற்றித் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

மற்றப் பள்ளிகளுக்கும் இது எட்டாததல்ல. புரட்டாசிக் கடைசியில் மாடி கூட்டுவது ஏழாம் வகுப்பின் முறை என்று வைத்துவிடலாம், எச்.எம். மாறினாலும் ஏழாம் வகுப்பு இருக்கும். கணக்குப் பாடம் கெடும் என்று யாராவது சொல்வார்கள். நூறு சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 1,000 லிட்டர். அடைத்த குழாயால் போன மழைக்காலத்தில் தெருவுக்கு வழிந்தது எவ்வளவு என்று பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும்.